சீரியலில் மாட்டிக்கொண்ட அழுகை

சித்தி வளையல் போடமாட்டாள். கஞ்சி போட்ட துணி உடுத்தமாட்டாள். வேலைக்குக் கிளம்பும்முன் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிடுவாள். மூன்றுக்கும் காரணம் மைக்தான். வளையல் சத்தம், துணியின் மொடமொடப்பு, காலி வயிற்றின் உறுமல் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். "வேண்டாததத்தான் அது மொதல்ல கேக்கும். எங்க மாமியார் மாதிரி" என்பாள். அந்த மாமியார் வீட்டில் அவள் இருந்தது ஏழே மாதம். அதன்பிறகு இருபத்திரண்டு வருடமாகத் தனி வீடு, தனிச் சமையல், அடுத்தவர் வாய்க்குக் குரல் கொடுக்கும் வேலை.

கடைசி ஆறு வருடங்களாக, மாலை ஏழரை மணிக்கு வரும் ஒரு சீரியலின் கதாநாயகிக்கு அவள்தான் டப்பிங். அந்த நடிகைக்கு நம் மொழி தெரியாது. படப்பிடிப்பில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள். எண்களுக்கு அசைந்த உதட்டின்மேல் சித்தி வசனத்தை ஏற்ற வேண்டும்.

"பதினேழு பதினெட்டுன்னு சொல்லிட்டுக் கண்ணுல தண்ணி விடறா. அதுமேல 'உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா'ன்னு நான் பேசணும். அவ முப்பது வரைக்கும் எண்ணிட்டா இன்னும் ரெண்டு தடவ 'யாரு இருக்கா, யாரு இருக்கா'ன்னு இழுக்கணும். ஜனங்க என்னடான்னா அந்த இழுவையில உருகறாங்க."

வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு டைரக்டர் வெறும் 'ம்' என்ற ஒரு சத்தத்துக்காக அவளை ஒரு முழுக் காலைப்பொழுது நிற்கவைத்தாராம். நாற்பத்து மூன்றாவது 'ம்'மில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றாராம். அதைப் பரிசு வாங்கிய கதைபோலச் சொல்வாள். இப்போது பல சீரியல்களுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு எபிசோட். படம் ஓட ஆரம்பித்த பிறகுதான் வசனம் கைபேசியில் வந்து சேரும். போன வாரம் எரிந்துபோன கார், இந்த வாரம் வாசலில் பளபளவென்று நிற்கும். டாக்டராக வந்தவர் மீசை ஒட்டிக்கொண்டு வக்கீலாக வருவார். யாராவது ஒருவர் "என்ன?" என்று கேட்டுவிட்டால் வீட்டிலுள்ள ஒன்பது பேர் முகத்தையும் இடி முழக்கத்தோடு மும்மூன்று தடவை காட்டுவார்கள். ஒருமுறை நாயின் முகத்தையும் காட்டினார்கள்.

சித்திக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "குப்பைதான். யாரு இல்லேன்னா? ஆனா என் குரல் குப்பையில்ல. அத மட்டும் தொடச்சு வெச்சுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு தினமும் பஸ் ஏறினாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் திரும்பிவந்து தங்கியது அவள் வீட்டில்தான். எனக்கு வேறு வீடு இல்லை. சித்தியின் ஒரே அக்காவான என் அம்மா, எட்டு மாதங்களுக்கு முன்னால் இறந்துபோயிருந்தாள். தகவல் என்னைத் தேடிப் பிடிக்கவே ஒன்பது நாள் ஆனது. அதற்குப் பிறகும் உடனே வர எனக்குத் தைரியம் இல்லை. சித்திதான் எல்லாவற்றையும் தனியாக நின்று செய்து முடித்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, சித்தி வீட்டு டிவி முன்னால் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது ஆள் மாடி வீட்டம்மா. அவள் வீட்டில் டிவி கணவர் கையிலும் பந்தாட்டத்திலும் சிக்கிக்கிடந்ததால், ஏழேகாலுக்கே தன் தலையணையோடு கீழே வந்துவிடுவாள். அன்றைய எபிசோடில் கதாநாயகியின் பீரோச் சாவி தொலைந்துபோனது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்து கதறினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதே அழுகையத்தான நேத்தும் அழுதா? கல்யாணம் நின்னுபோனதுக்கு. அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க. நடுவுல மூச்சு முட்டுது பாரு, நேத்தும் அதே எடத்துலதான் முட்டுச்சு."

"நேத்து மட்டுமா?" என்றாள் மாடி வீட்டம்மா. "போன மாசம் வில்லியும் இதத்தான் அழுதா. பூனைக்குட்டி செத்ததுக்கு அந்தக் குட்டிப் பொண்ணும் இதேதான். பத்து வயசுப் பொண்ணுக்கு நாப்பது வயசுத் தொண்டை. அதகூட விடு. இந்தக் கதாநாயகி வீட்டுக்கு ஒரே பொண்ணு. அழறப்ப எதுக்கு அக்கா அக்கான்னு கூப்புடறா? கவனிச்சியா?"

நான் கவனித்திருக்கவில்லை. சாவிக்கான அழுகை விளம்பரத்துக்குப் பிறகும் தொடர்ந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சு முட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், சத்தத்துக்கு அடியில், 'அக்கா' என்று இரண்டு முறை வந்தது.

சித்தி கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். மாடி வீட்டம்மா கிளம்பிப் போகும்வரை திரும்பி வரவில்லை. நான் உள்ளே போனபோது துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் அழுதது" என்றாள்.

"தெரியுமே. உன் குரல்தான."

"டப்பிங் இல்லடி. உங்கம்மா செத்த அன்னிக்கு அழுதது."

அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள். காலை பத்தரை மணி. டப்பிங் அறைக்குள் கைபேசி எடுத்துப்போகக் கூடாது. அம்மா வேலை செய்த இடத்திலிருந்து ஸ்டூடியோ ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறார்கள். மேனேஜர் ஓடிவந்து, ஒலிப்பதிவாளரின் தோள்மேல் குனிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் பொத்தானை அழுத்தி, "மேடம், உங்க அக்கா தவறிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டார். அது சித்தியின் ஹெட்போன் வழியாக நேராக இரண்டு காதுகளிலும் விழுந்தது. மைக் எதிரே இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

"நாப்பத்தியொரு செகண்ட். அதுக்கப்புறம்தான் கதவத் தொறந்து உள்ள வந்தாங்க. நான் பதினாறு நாள் லீவுல இருந்தேன். அந்த வாரம் கதாநாயகிக்கு ஒரு அழுகை தேவப்பட்டிருக்கு. நான் இல்ல. அன்னிக்கே ஒளிபரப்பு. எடுத்துப் போட்டுட்டாங்க. திரும்பி வந்து கேக்கறேன், எல்லாத்துக்கும் அதுதான். சாவி தொலைஞ்சா அது. பால் பொங்கி வழிஞ்சா அது. பூனைக்கு அது." துணியைப் பிழிந்தாள். "எங்கக்காவுக்கு அழுததுடி. அத ஊருல இருக்கற பீரோச் சாவிக்கெல்லாம் குடுத்துட்டாங்க. அன்னையிலேர்ந்து எனக்கு அழுகையே வரல. வாயால அழறேன், சம்பளத்துக்கு அழறேன். வீட்டுல ஒரு தடவகூட வரல."

நான் சற்று முன் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அதத் திருப்பி வாங்கிடணும்" என்றாள் சித்தி. "அவ்வளவுதான் எனக்கு வேணும். அத சீரியல்ல ஓட்டறத நிறுத்தணும்."

மறுநாள் நானும் அவளோடு போனேன். ஸ்டூடியோ ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. பதிவறையின் குளிரில் பதினைந்து வருடம் உட்கார்ந்ததில் ஒலிப்பதிவாளருக்கு நிரந்தரமாக மூக்கடைப்பு. எல்லோருக்கும் அவர் ஜலதோஷம்தான். அவர் பெயரைக் கேட்டால் ஆபீசிலேயே யோசிப்பார்கள். எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சித்தி ஏற்கெனவே அவரிடம் கேட்டிருக்கிறாள் போலும்.

"நான் என்ன பண்ணட்டும் மேடம்? எங்கிட்ட இருக்கறத நான் இப்பவே அழிச்சுடுவேன். ஆனா எடிட்டிங்ல ஒரு காப்பி இருக்கு. அவங்க அத 'நல்ல அழுகை'ன்னு பேர் போட்டுத் தனியா வெச்சிருக்காங்க. டைரக்டர் ஒரு வார்த்த சொன்னாதான் எடுப்பாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அன்னிக்கு நான் நிறுத்தியிருக்கணும் மேடம். கை ஓடல."

"விடு. உன்மேல கோவம் இல்ல" என்றாள் சித்தி.

டைரக்டரின் அறை ஒரு மாடி மேலே. படியில் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "உள்ள நீ வாயத் தொறக்கக் கூடாது. அக்கா செத்தது, நான் அழுதது, எதுவும் வரக் கூடாது. தொழில்ல ஒரு தப்பு, அதத் திருத்தணும், அவ்வளவுதான் பேச்சு."

"உள்ளதச் சொன்னா உடனே எடுத்துடுவாங்களே சித்தி."

"சொன்னா அந்த ஆளு உச்சு கொட்டுவான். உச்சு கொட்டிட்டு டீ குடிப்பான். எங்கக்காவ அந்த ரூமுக்குள்ள நான் கொண்டுபோக மாட்டேன்."

டைரக்டர் கெட்டவர் இல்லை. ஒரே நேரத்தில் மூன்று சீரியல் எடுப்பவர். எந்தக் கதையில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாமலிருக்கச் சுவரில் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். எனக்கும் டீ வந்தது.

"சார், ஒரு தப்பு வந்துகிட்டே இருக்கு" என்று சித்தி ஆரம்பித்தாள். "கதாநாயகிக்கு அக்கா கெடையாது. ஆனா நாம போடற அழுகையில அக்கானு ரெண்டு தடவ கேக்குது. அது இந்தக் கதைக்கு ஒத்துவராத அழுகை சார். எங்க தெருவுலகூட கேக்கறாங்க. அத எடுத்துடலாம். நான் வேற அழுது தரேன். எத்தன வேணும்னாலும் தரேன்."

டைரக்டர் நெற்றியைச் சுருக்கினார். எடிட்டிங்குக்குப் போன் போட்டு அந்த அழுகையை அனுப்பச் சொன்னார். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் அது அந்த அறைக்குள் வந்தது. சித்தி டீ டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் முகம் மலர்ந்தது.

"ஆமா மேடம். அக்கானுதான் கூப்புடறா." எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். "எட்டு மாசமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கா, நம்ம கண்ணுக்குத் தெரியல. அப்ப இவளுக்கு ஒரு அக்கா இருக்கா. சின்ன வயசுல காணாமப் போனவ." போனை எடுத்தார். "யப்பா, கதாநாயகிக்கு ஒரு அக்கா வேணும். ஆமா. இல்லப்பா, திடீர்னு இல்ல, எட்டு மாசமா குறிப்பு தூவிக்கிட்டே வந்திருக்கோம். பழைய எபிசோட எடுத்துக் கேட்டுப் பாரு. ஜனங்க அசந்துடுவாங்க."

"சார், நான் அத எடுத்துடச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் சித்தி.

"எடுக்கறதா? இனிமேதான் மேடம் அதுக்கு மதிப்பே. ஆறு வருஷத்துல நம்ம சீரியல்ல எவனும் இப்படி உக்காந்து யோசிச்சதில்ல. நீங்க ஒரு வார்த்தையில எனக்கு அம்பது எபிசோட் குடுத்துட்டீங்க." பலகையில் கதாநாயகியின் பெயருக்கு மேலே ஒரு கட்டம் போட்டு 'அக்கா' என்று எழுதினார். பக்கத்தில் 'உயிரோடு' என்று எழுதினார்.

இறங்கி வரும்போது சித்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப்போய் உண்மையைச் சொல்லிவிடுவதாக இரண்டு முறை சொன்னேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "நானே போய் வழி காட்டிட்டு வந்துட்டேன்" என்றாள்.

நான்கு வாரத்தில் அக்கா வந்துவிட்டாள். கதாநாயகியைவிட ஏழெட்டு வயது இளைய நடிகை. தலையில் வெள்ளை மாவைத் தட்டி அக்காவாக்கியிருந்தார்கள். அவள் தலையை ஆட்டும்போதெல்லாம் மாவு தோளில் உதிர்ந்தது. அடுத்த காட்சியில் தலை கறுத்திருந்தது. மாடி வீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல? எங்கயோ ஒரு அக்கா இருக்கான்னு. எங்க வீட்டுக்காரர் என்னமோ நான் முட்டாள்ங்கற மாதிரி பாத்தாரு. இப்ப சொல்லட்டும்."

"ரொம்பப் புத்திசாலித்தனமா எழுதியிருக்காங்க" என்றேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்காவும் தங்கையும் சந்திக்கும் காட்சிக்கு டப்பிங் பேசிவிட்டு வந்த நாளில் சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெந்நீர் கொடுத்தேன். "இருபத்திரெண்டு" என்றாள். "இருபத்திரெண்டு தடவ அக்கானு கூப்பிட வெச்சாங்க. அந்தப் பொண்ணு எண்ணிக்கிட்டே போறா, அவ வாய் அசையற எடத்துக்கெல்லாம் ஒரு அக்கா. எட்டாவதுல நாக்கு மடங்கிப்போச்சு. வேல கத்துக்கிட்டதுக்கப்புறம் மூணு டேக்குக்கு மேல நான் போனதில்ல. இன்னிக்கு பதினொண்ணு."

"விட்டுடு சித்தி. வேற வேலை பாக்கலாம்."

"நான் விட்டா? என் எடத்துல ஒருத்தி வந்து பேசுவா. அழுகை மட்டும் என்னுதாவே இருக்கும். நான் போனாலும் அது அங்கதான் கெடக்கும்." வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். "அத வெளிய தள்ளணும்னா அதவிட நல்லா ஒண்ணு அழணும். வேற வழி இல்ல."

அந்த வாய்ப்பு சீக்கிரமே வந்தது. அக்காவாக நடித்தவளுக்கு வேறு சீரியலில் பெரிய வேடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் அக்கா சாக வேண்டும். வியாழக்கிழமை காலை டப்பிங். சித்தி டைரக்டருக்குப் போன் செய்து, இந்தக் காட்சிக்குத் தானே புதிதாக அழுவதாகவும், அது நன்றாக வந்தால் பழையதை நிரந்தரமாக எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டாள். அவர், "பழசே அருமையா இருக்கே மேடம்" என்றார். அவள் விடவில்லை. கடைசியில், "சரி, பன்னெண்டு மணி வரைக்கும் பாருங்க. பிடிச்சா மாத்திடறேன், வாக்கு" என்றார்.

வியாழக்கிழமை அவள் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள். காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வைத்தாள்.

நான் ஜலதோஷத்தின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தி. மேலே திரையில் ஒரு மருத்துவமனைக் கட்டில். இறந்துபோன அக்காவின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணிமை துடித்தது. கைமேல் ஒட்டியிருந்த ஊசிக் குழாயின் மறுமுனை எதிலும் சேராமல் கட்டிலுக்குக் கீழே தொங்கியது. கதாநாயகி அவள்மேல் விழுந்து உதட்டை அசைத்தாள்.

முதல் டேக்கில் சித்தி அழுதது எனக்கு நன்றாகவே இருந்தது. ஜலதோஷம் தலையசைத்தார். பின்னால் நின்ற டைரக்டர் பொத்தானை அழுத்தி, "நல்லாருக்கு மேடம். ஆனா பழசு மாதிரி இல்ல. இன்னொண்ணு" என்றார்.

இன்னொன்று. இன்னொன்று. கண்ணாடி வழியாக அவள் முகத்தில் வேலை தெரிந்தது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மூச்சு முட்ட வேண்டும் என்று எல்லாம் தெரிந்த முகம். ஆறாவது டேக்கில் அவள் பழைய அழுகையையே அப்படியே திரும்பச் செய்து பார்த்தாள். மூச்சு அதே இடத்தில் முட்டியது. 'அக்கா' இரண்டு முறை வந்தது. கண்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. டைரக்டர், "கிட்ட வந்துட்டீங்க" என்றார். பத்தாவதில் குரல் பிசிறடித்தது. பதினான்காவதில் அவள் உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பத்தொன்பதாவது டேக்கில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. டைரக்டருக்கு ஏதோ போன் வந்தது, மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, அடுத்த கதையின் கல்யாணக் காட்சிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்.

சித்தி மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து நின்றாள். "சார்" என்றாள். "அது நடிப்பு இல்ல சார். அது எங்கக்கா செத்தப்ப நான் அழுதது. அதுமாதிரி எனக்கு இனிமே வராது. எனக்கு இருந்தது ஒரே அக்காதான்."

அது என் ஹெட்போனிலும் ஜலதோஷத்தின் ஹெட்போனிலும்தான் கேட்டது. டைரக்டரின் காதில் கைபேசி இருந்தது. பேச்சின் நடுவே திரும்பியவர் கண்ணாடி வழியாகப் பார்த்தது, ஒரு பெண் வாயசைத்ததை மட்டும்தான். அவர் மணிக்கட்டுக் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, போதும் என்று கையசைத்துவிட்டு, பேசிக்கொண்டே வெளியே போனார்.

ஜலதோஷம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு என்னிடம், "பாருங்க" என்று சொல்லித் தன்னிடமிருந்த பழைய ஃபைலைத் தேடி எடுத்து அழித்தார். அழித்தவற்றின் பெட்டியிலிருந்தும் அழித்தார். "எங்கிட்ட இல்ல இனிமே. மேடம்கிட்ட சொல்லிடுங்க." அவர் மூக்கை உறிஞ்சியது வழக்கமான உறிஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் டைரக்டரின் பின்னால் படியேறி ஓடினேன். சித்தியின் சொல்லை மீறி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். உச்சுக் கொட்டினார். "அடடா" என்றார். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா." நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். நாளைய எபிசோட் சேனலுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது, புது அழுகை எதுவும் ஓகே ஆகவில்லை, இந்த ஒருமுறை மட்டும், இதுவே கடைசி என்றார். பிறகு, "அதான் அது அவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார். அந்த வாக்கியத்தை நான் சித்தியிடம் சொல்லவில்லை. டீ கொண்டுவரச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழேகாலுக்கு மாடி வீட்டம்மா தலையணையோடு வந்தாள். கூடவே இரண்டு பெரிய கைக்குட்டைகளும் எடுத்துவந்திருந்தாள். "இன்னிக்கு அக்கா போயிடுவா. விளம்பரத்துல காட்டிட்டாங்க. தங்கச்சி தாங்கமாட்டா பாவம்."

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று சித்தி வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்தாள். "நாங்க சும்மா ஒரு நடை போயிட்டு வந்துடறோம்."

"இன்னிக்குப் போயா? உங்களுக்கு மனசே கெடையாதுங்க."

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் மூன்று மாடிக் குடியிருப்புகள். புழுக்கமான மாலை. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. சித்தி தெருவின் நடுவில் வேகமாக நடந்தாள். தையற்கடையைத் தாண்டும்போது முதல் வீட்டிலிருந்து அது கேட்டது.

அடுத்த வீட்டில் ஒரு நொடி தாமதமாகக் கேட்டது. எதிர்ப்பக்க மாடியில் இன்னும் ஒரு நொடி தள்ளி. ஒவ்வொரு வீட்டு டிவிக்கும் படம் வந்துசேர வெவ்வேறு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நடக்கும்போது அது எங்களைத் துரத்திக்கொண்டு வருவதுபோலத்தான் இருந்தது. முன்னால் ஒரு ஜன்னலில் அழுகை தொடங்கியது. பின்னால் ஒரு ஜன்னலில் மூச்சு முட்டியது. தலைக்கு மேலே 'அக்கா' என்றது. நான்கு வீடு தள்ளி மறுபடி 'அக்கா' என்றது. கறிகாய் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ஜன்னலின் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் யாரோ நிஜமாகவே விசும்புவது கேட்டது. சித்தி ஓட ஆரம்பித்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. தெருமுனையில் திரும்பினோம். அந்தத் தெருவிலும் ஜன்னல்கள் திறந்திருந்தன.

அவள் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். எட்டுத் திசையிலிருந்தும் என் அம்மாவுக்கான அழுகை வந்துகொண்டிருந்தது. முடிந்துவிடும் என்று நினைத்த இடத்தில் முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அம்மா இறந்த நாளில் நான் கேட்டிருக்க வேண்டியதை ஒரு தெருவே சேர்ந்து எனக்குப் போட்டுக்காட்டியதுபோல் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. சித்திக்கு வரவில்லை. அவள் தலையைச் சாய்த்து, காதில் ஹெட்போன் இருப்பவள்போல, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி ஜன்னலிலும் அது ஓய்ந்து, சோப்பு விளம்பரப் பாட்டு தொடங்கியது.

"ரெண்டு தடவ ஓட்டியிருக்காங்க" என்றாள். "காட்சி நீளம்ல, பத்தல."

"ம்."

"ஒட்டின எடம் கேட்டுச்சா உனக்கு?"

"இல்ல சித்தி."

"மூச்சுக்கு நடுவுல வெட்டியிருக்கான். உள்ள இழுத்த மூச்ச வெளிய விடவேயில்ல, அதுக்குள்ள மறுபடி இழுக்குது. எந்த மனுசியாவது ரெண்டு தடவ உள்ளயே இழுப்பாளா? ஒரு இம்மி தள்ளி வெட்டியிருந்தா சரியா இருந்திருக்கும்." மின்கம்பத்திலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். துரு ஒட்டியிருந்தது. "அதக்கூட ஒழுங்கா செய்யல."

"இதுதான் கடைசின்னு சொன்னாரு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் டைரக்டரிடம் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன பேரு அழுதிருக்காங்க. இனிமே எடுப்பானா?" என்றாள். "நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு மறுபடியும் போடுவாங்க. அப்ப எங்கடி போறது?"